டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குத் தனி ஆயில் கூலர் தேவைதானா?

கேள்வி: கல்லல் தோப்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தைல மரத் தோப்பும், அதை ஒட்டிக் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருக்கின்றன. அங்கே போய்வருவதற்கும், சிறிய டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டியையும் டீசல் பம்பையும் இழுத்துச் செல்வதற்கும் 2.5 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல் எஞ்சின் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வைத்திருக்கிறேன். பிஎஸ்4 என்ற பழைய மாசுக் கட்டுப்பாட்டு விதிக் காலத்து வண்டி என்பதால், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் கிடையாது. எஞ்சினை இதுவரை பிரித்ததில்லை. ஆயில் குறைவதும் இல்லை, புகையும் இல்லை.

சிக்கல் கோடையில்தான் வருகிறது. சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டு, உள்வாய் முழுக்க மணலும் பொடிச் செம்மண்ணுமாகக் கிடக்கும்போது, டிரெய்லரோடு லோ ரேஞ்சில் (இழுவை கூடி வேகம் குறையும் நிலை) இரண்டாவது கியரில் அரை மணி நேரம் போய் நிறுத்தினால், ஐடிலிங்கில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) வழக்கமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோ காட்டும் ஆயில் பிரஷர் முள் 0.8 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தப் பிரஷர் மீட்டர் நான் தனியாக வாங்கிப் பொருத்தியது. டாஷ்போர்டில் கம்பெனி கொடுத்திருக்கும் வெப்ப முள் மட்டும் எதுவுமே நடக்காததுபோல நடுவிலேயே நிற்கிறது. காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்தால் பிரஷர் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

காரைக்குடியில் ஒரு பட்டறையில் கேட்டபோது, ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இன்னொருவர் 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதிலாக இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் போதும் என்கிறார். ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்தில், கூலண்ட் வழியாக ஆயிலைக் குளிர்விக்கும் சிறிய கூலர் ஒன்று ஏற்கெனவே கம்பெனி வைத்தே வந்திருக்கிறது. அது இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறுவதும் உண்டு என்பதால், இதை இப்போதே தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தேவகோட்டை ரஸ்தா

தம்பி, கூலர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால், உங்கள் ஆயில் எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரிய வேண்டும். பிரஷர் முள் அதை நேரடியாகச் சொல்லாது. டாஷ்போர்டு முள் சொல்லவே சொல்லாது. அது காட்டுவது கூலண்டின் வெப்பத்தை மட்டும்தான். அதிலும் இப்போதைய வண்டிகள் பலவற்றில், வாடிக்கையாளர் பதறக் கூடாது என்று, கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்துவிடுகிறார்கள். முள் நகர ஆரம்பிக்கும்போது விஷயம் கைமீறிப் போயிருக்கும்.

டர்போ டீசல் எஞ்சினில் தண்ணீர் எட்டாத இடங்களை எல்லாம் ஆயில்தான் குளிர்விக்கிறது. பிளாக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு நாசில்கள் பிஸ்டனின் அடிவயிற்றில் இடைவிடாமல் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கின்றன. கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங், அதோடு பிஸ்டன் தண்டை இணைக்கும் பிக் எண்ட் பேரிங் ஆகியவற்றின் சூட்டையும் ஆயில்தான் வாங்கிக்கொண்டு, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்புகிறது. டர்போவின் தண்டு சுழலும் பேரிங்குக்கும் அதே ஆயில்தான். லோ ரேஞ்சில் மணலில் இழுக்கும்போது எஞ்சின் முழுச் சுமையில் உழைக்கிறது, வண்டியோ நடை வேகத்தில் போகிறது. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்கிரில் வழியாகத் தானாக வந்து மோதும் காற்று அங்கே கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே. சம்ப்பின் மேல் படும் காற்றும் இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே கூலண்ட் 95 டிகிரியில் இருந்தாலும் ஆயில் 120 டிகிரியைத் தாண்டியிருக்க முடியும்.

இப்போது உங்கள் பிரஷருக்கு வருகிறேன். 40 என்ற தரமுள்ள ஆயிலுக்கு 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை பாகுத்தன்மை இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமான 15டபிள்யூ-40 ஆயில் 14 அல்லது 15 இருக்கும். அதே ஆயில் 130 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழப் பாதியாக இளகி 8 சென்டிஸ்டோக் பக்கம் வந்துவிடும். பம்ப் அதேதான், பேரிங் இடைவெளியும் அதேதான், ஆயில் மட்டும் இளகியிருக்கிறது. எனவே ஐடிலிங்கில் பிரஷர் இறங்குவது இயல்பு. எஞ்சினின் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 0.7 கிலோ இருந்தால் போதும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதன்படி பார்த்தால் 800 சுற்றில் 0.8 கிலோ என்பது பயப்பட வேண்டிய அளவு அல்ல. ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்குகூடப் பெரும்பாலான வண்டிகளில் அரைக் கிலோவுக்கும் கீழே போனால்தான் எரியும். அதே சூட்டில், வண்டியை நிறுத்திவைத்து 2,000 சுற்றுக்கு ஏற்றினால் எத்தனை கிலோ காட்டுகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அங்கே 2 கிலோவுக்கு மேல் வந்துவிட்டால் பேரிங்கைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

சம்ப்பில் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 120 வரை சுமையில் வந்து போவதை நல்ல ஆயில் தாங்கும். 130 டிகிரியில் நெடுநேரம் நின்றால் ஆயில் காற்றோடு வினைபுரிந்து கெட்டுப்போவது வேகமெடுத்துவிடும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆயில் மாற்றும் கிலோமீட்டரைப் பாதியாகக் குறைத்தாக வேண்டும்.

அளப்பதற்குச் செலவு அதிகம் ஆகாது. சில மல்ட்டிமீட்டர்களோடு வெப்பம் அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பி ஒன்று வரும். சுமையில் ஓட்டி முடித்து வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்த உடனே, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தக் குழாய் வழியாக அதே நீளத்துக்கு, டிப் ஸ்டிக்கை விடக் கூடுதலாக ஓர் அங்குலம்கூடப் போகாமல், கம்பியை இறக்கிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது இதைச் செய்யவே கூடாது. துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் சம்ப்பின் மேல் அடித்துப் பார்க்கலாம். ஆனால் பளபளக்கும் அலுமினியச் சம்ப்பில் அது மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரு சதுர அங்குலம் மட்டும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காயவிட்டு அதன் மேல் அளந்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். அப்போதும் உள்ளே இருக்கும் ஆயில் வெளித்தகட்டைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20டபிள்யூ-50 பற்றி: பிரஷர் முள் மேலே ஏறும், மனம் ஆறும், சூடு குறையாது. ஆயில் கெட்டியாக இருந்தால் பேரிங்குக்குள் உராய்வுச் சூடு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கம்பெனி கையேட்டில் அனுமதிக்கப்பட்ட தரங்களில் அதுவும் இருந்தால் ஊற்றுவதில் தவறில்லை, இல்லாவிட்டால் ஊற்றாதீர்கள்.

பதில்: புதுவயல் டீசல்

ரஸ்தா ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அளப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்லல்காரரின் வண்டியில் ஆயிலைக் குளிர்விப்பது கூலண்ட். கூலண்டைக் குளிர்விப்பது ரேடியேட்டர். ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது ஃபேன். இந்த வரிசையில் எந்த இடத்தில் குறை இருந்தாலும் அது கடைசியில் ஆயிலின் தலையில்தான் விடியும். ஆயில் கூலர் கேட்டு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது ரேடியேட்டர் சுத்தம்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு நடுவே ஓடும் வண்டிகளின் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரற்கடை அளவு இடைவெளி இருக்கும். முன்னால் நின்று கிரில் வழியாகப் பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று தெரியும். அதற்குப் பின்னால் உமித்தூசியும், புல்விதையும், சீமைக்கருவேல இலையும், அவற்றை ஒட்டவைக்கும் அளவுக்கு ஆயில் கசிவும் சேர்ந்து கம்பளிபோல அப்பிக்கிடக்கும். கண்மாய் உள்வாயில் காய்ந்த கோரையும் புல்லும் மிதித்துப் போகிற வண்டியில் இது இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை. மேலே இருக்கும் பிராக்கெட்டுகளைக் கழற்றிக் கண்டென்சரை முன்னால் சாய்த்துக்கொண்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் இருக்கும் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் ரேடியேட்டர் ஃபின்கள் மடங்கிக் காற்றுப் பாதையை நிரந்தரமாக அடைத்துவிடும்.

அடுத்தது விஸ்கஸ் ஃபேன். அதன் நடுவில் சிலிக்கோன் திரவம் அடைத்த ஒரு கிளட்ச் இருக்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் முன்பக்கத்துச் சுருள் வில் விரிந்து வால்வைத் திறக்க, திரவம் தட்டுகளுக்கு இடையில் புகுந்து ஃபேனைப் பிடித்துச் சுழற்றும். திரவம் கசிந்து தீர்ந்துபோன ஃபேன், எஞ்சின் ஓடும்போது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வேகமாகச் சுற்றாது, அவ்வளவுதான். சாலையில் இதன் குறை தெரியவே தெரியாது. லோ ரேஞ்சிலும் மலையேற்றத்திலும்தான் காட்டிக்கொடுக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். தேனுக்குள் சுற்றுவதுபோல இறுக்கமாக இருந்து உடனே நிற்க வேண்டும். தன்போக்கில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம். கிளட்ச்சின் முகத்தில் கறுப்பாகக் கோடுகோடாகத் தூசி ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படலாம். மின்சார ஃபேன் உள்ள வண்டியாக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அது அணைத்த பிறகும் தானாக ஓடக்கூடும், கையை வைக்க வேண்டாம்.

கூலண்ட் என்ற பெயரில் பலரும் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும், அதைவிட முக்கியமாக, அந்தச் சிறிய ஆயில் கூலர் தகடுகளுக்கு இடையிலும் படிந்துவிடும். தகடுகளின் இடைவெளி மிகக் குறுகியது என்பதால் மெல்லிய படிவுகூட வெப்பத்தைக் கடக்கவிடாது. வளவு (வீட்டு உள்முற்றம்) ஓட்டில் விழுந்து அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர் இதைவிட எவ்வளவோ மேல் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு, ஆனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கடையில் கிடைக்கும்போது எதற்கு அந்தச் சோதனை? எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்தால் போதும். ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் அந்தக் கலவை ஏறத்தாழ 129 டிகிரியில்தான் கொதிக்கும். நல்லதுதானே என்று கூலண்டைக் கூடுதலாக ஊற்றவும் கூடாது. தண்ணீர் சுமக்கும் அளவுக்குக் கிளைக்கால் சூட்டைச் சுமக்காது.

கல்லல் தோப்புக்காரன்

இருவருக்கும் நன்றி. ரஸ்தா அண்ணன் கேட்டபடி 2,000 சுற்றில் பார்த்தேன்; சூடான நிலையில் 2.6 கிலோ காட்டுகிறது. தெர்மோகப்பிள் கம்பியை டிப் ஸ்டிக் குழாயில் இறக்கிப் பார்த்தபோது, அதே கண்மாய்ப் பாதையில் அதே டிரெய்லரோடு போய்வந்த உடனே 127 டிகிரி இருந்தது. ஃபேன் கையால் தள்ளினால் தாராளமாகச் சுற்றுகிறது. கண்டென்சருக்குப் பின்னால் இருந்ததை இங்கே விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். விஸ்கஸ் கிளட்ச்சுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில், தனி ஆயில் கூலரைப் பொருத்தி ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், அதை எங்கே எப்படிப் பொருத்தினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கானாடுகாத்தான் காட்டுவழி

நான் தனி ஆயில் கூலர் பொருத்தியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வந்து தங்கும் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும், சின்னமனூர் வழியாக மேகமலைக்கும் போய்வருகிற வேலை என்னுடையது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஏழு பேரும் மேலே மூட்டைகளுமாக, ஏசி ஓடிக்கொண்டிருக்க, மே மாதப் பிற்பகலில் அந்த ஏற்றத்தைத் தொடங்கினால், கீழ்ப்பாதியில்தான் ஆயில் அதிகம் சூடாகிறது. மேலே போகப் போகக் காற்றே குளிர்ந்துவிடும். அப்படித் தொடர்ந்து முழுச் சுமையில் ஓடும் வண்டிக்குத் தனிக் கூலர் பயன்தான் என்பது என் கருத்து. ஆனால் உங்களுக்குப் பட்டறையில் சொன்ன இடத்தில் மட்டும் பொருத்தாதீர்கள்.

ரேடியேட்டருக்கு நேர் முன்னால் ஆயில் கூலரை வைத்தால், அது வெளியே விடும் சூடான காற்றைத்தான் ரேடியேட்டர் உள்ளே வாங்கும். ஏற்கெனவே அங்கே கண்டென்சர் இருக்கிறது, சில வண்டிகளில் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இருக்கிறது. லோ ரேஞ்சில் ஃபேன் இழுக்கும் காற்று இத்தனை அடுக்குகளைத் தாண்டி வர வேண்டும். ஆயில் பத்து டிகிரி குறைந்து கூலண்ட் ஐந்து டிகிரி ஏறினால் என்ன லாபம்? அந்தக் கூலண்ட்தான் திரும்பவும் கம்பெனிக் கூலர் வழியாக ஆயிலைத் தொடப்போகிறது. நான் வலது பக்க ஃபெண்டருக்கு உள்ளே, பம்பரின் பக்கத் திறப்புக்குப் பின்னால் வைத்து, அதற்கென்று ஒரு சிறிய மின்சார ஃபேனையும் ஆயில் வெப்பத்தால் இயங்கும் சுவிட்சையும் கொடுத்திருக்கிறேன். நடை வேகத்தில் ஃபேன் இல்லாத கூலர் வெறும் அலங்காரம். முன்னால் கல் அடிக்காமல் இருக்கக் கம்பி வலையும் போட்டிருக்கிறேன்.

ஆயிலை எடுப்பதற்கு ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் இடையில் சாண்ட்விச் பிளேட் என்ற தட்டைப் பொருத்துவார்கள். அதில் கட்டாயம் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள். 80 அல்லது 85 டிகிரிக்கு மேல்தான் அது ஆயிலைக் கூலருக்கு அனுப்பும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி போய்த் திரும்பும் தூரத்துக்கு ஆயில் சூடேறவே சூடேறாது. ஆயில் போதிய சூட்டுக்கு வந்தால்தான் அதில் கலந்த ஈரமும் டீசலும் ஆவியாகி வெளியேறும். இல்லையென்றால் உள்ளேயே தங்கிச் சேறு கட்டும். ஆயில் குளிர்ந்தால் நல்லது, இன்னும் குளிர்ந்தால் இன்னும் நல்லது என்ற எண்ணம் இந்த விஷயத்தில் செல்லாது.

ஹோஸில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. குளிர்ந்த எஞ்சினை எடுத்த நொடியில் கெட்டியான ஆயிலின் அழுத்தம் ஆறேழு கிலோவைத் தொடும். அதனால் 150 டிகிரிச் சூட்டையும் அந்த அழுத்தத்தைப் போலப் பல மடங்கையும் தாங்கும், பின்னல் உறையிட்ட ஹோஸும், ஹைட்ராலிக் கடையில் இயந்திரத்தால் அழுத்திக் கொடுக்கும் முனைகளும்தான் வேண்டும். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் திருகு கிளாம்பை ஆயில் ஹோஸில் பார்த்தால் அந்தப் பட்டறையைவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஹோஸ் ஒன்று கழன்றால் சம்ப்பில் இருக்கும் ஆயில் முழுவதையும் பம்பே நிமிடக் கணக்கில் சாலையில் கொட்டிவிடும். எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு கூலர் எதற்கு? சேஸிஸில் உரசும் இடங்களில் ரப்பர் உறை போட்டுக் கட்ட வேண்டும். பிரஷர் குறைந்தால் அலறும் பஸர் ஒன்றும் வைத்துக்கொண்டால் நிம்மதி. கூலரின் வாய்கள் மேல்பக்கமாகவோ பக்கவாட்டிலோ இருக்கும்படி வைத்தால் உள்ளே காற்று தங்காது. பொருத்தியபின் எஞ்சினை ஓடவிட்டு, கூலரிலும் ஹோஸிலும் ஆயில் நிரம்பிய பிறகு அளவைத் திரும்பப் பார்த்து ஊற்றுங்கள்; அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடுதலாகப் பிடிக்கும்.

பதில்: தேவகோட்டை ரஸ்தா

127 டிகிரியும் 2.6 கிலோவும் என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, குளிரூட்டல்தான் நன்றாக இல்லை. விஸ்கஸ் கிளட்ச் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, கூலண்டைப் புதிதாக ஊற்றிய பிறகு அதே பாதையில் அதே சுமையில் திரும்ப அளந்து பாருங்கள். 115 டிகிரிக்குள் வந்துவிட்டால் கூலருக்கான பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். கானாடுகாத்தான் நண்பருக்குத் தேவைப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடையது மணிக்கணக்கில் தொடரும் ஏற்றம். உங்களுடையது அரை மணி நேரத்து இழுவை.

இன்னொன்று, சுமையைப் பற்றி யாருமே பேசவில்லை. மணலில் டயர் காற்றை 18 அல்லது 20 பவுண்டுக்கு இறக்கிவிட்டால் டயர் அகன்று மணலின் மேல் ஏறி ஓடும். எஞ்சினுக்கு விழும் பாரம் அந்த இடத்திலேயே குறைந்துவிடும். உருவாகாத சூட்டை எந்தக் கூலரும் வெளியேற்ற வேண்டியதில்லை. தார்ச் சாலைக்கு ஏறும்போது மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும், அதற்குச் சிகரெட் லைட்டரில் செருகும் கம்ப்ரஸர் போதும். அதேபோல, லோ ரேஞ்சில் 1,200 சுற்றில் எஞ்சினைத் திணறவிட்டு ஓட்டாமல், ஒரு கியர் குறைத்து 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். தண்ணீர் பம்ப், ஆயில் பம்ப், ஃபேன் மூன்றும் எஞ்சின் சுற்றை நம்பித்தான் இருக்கின்றன. இழுத்து முடித்ததும் உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டால், டர்போ பேரிங்கில் தேங்கும் ஆயில் கருகிக் கரியாகாது.

பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தத் திரியைப் படித்துவிட்டுக் கூலர் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டிபிஎஃப் வண்டிகளில், ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும். அப்போது பிரஷர் குறைவதற்குக் காரணம் சூடு அல்ல, ஆயிலில் கலந்த டீசல். மாற்ற வேண்டியது ஆயில். வாரன்டி உள்ள வண்டியில் ஆயில் பாதையில் கை வைத்தால் எஞ்சினுக்கான வாரன்டியை மறுப்பதற்கு வழி கொடுத்தவர்கள் ஆவோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருப்பத்தூர் சந்தை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே போன்ற 2.2 லிட்டர் டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்னிடம் உள்ளது. கூலண்ட் டேங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி நிறத்தில் கூழ் மிதக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். இது ஆயில் கூலர் சம்பந்தப்பட்டதாக இருக்குமா?

பதில்: புதுவயல் டீசல்

ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் கம்பெனி ஆயில் கூலரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள், ஐயா. எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் மூன்று, நான்கு கிலோ. கூலண்டின் அழுத்தம் ஒரு கிலோ. ஆகவே கூலரின் தகட்டிலோ அதன் கேஸ்கட்டிலோ கசிவு ஏற்பட்டால் ஆயில்தான் கூலண்டுக்குள் போகும், கூலண்ட் ஆயிலுக்குள் வராது. உங்கள் டிப் ஸ்டிக் சுத்தமாக இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்தபின் ஆயில் அழுத்தம் போய்விடும், கூலண்டின் அழுத்தம் மட்டும் சிறிது நேரம் நிற்கும். கசிவு பெரிதானால் அந்த நேரத்தில் கூலண்ட் ஆயிலுக்குள் இறங்கத் தொடங்கும். அதுவரை காத்திருக்காதீர்கள், கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் வேறு அடையாளங்களும் இருக்கும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுவதால் வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே, இன்னும் சூடாவதற்குள்ளாகவே, மேல் ஹோஸ் கல்லாக இறுகிவிடும். டேங்கில் குமிழிகள் விடாமல் வரும். வெள்ளைப் புகை இருக்கும். அவை எதுவும் இல்லையென்றால் முதல் சந்தேகம் கூலர் மேல்தான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் கியர் ஆயிலுக்கான கூலரையும் சேர்த்துப் பாருங்கள், அதன் ஆயிலும் கூலண்டில் கலந்து இதே நிறத்தைக் கொடுக்கும்.

கழற்றிய கூலரின் ஆயில் வாய்களில் ஒன்றை அடைத்து, இன்னொன்றில் மூன்று கிலோ காற்றைக் கொடுத்து, வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். தகடு கசிந்தால் பற்றவைத்து ஒப்பேற்ற வேண்டாம், புதிதாக மாற்றிவிடுங்கள். கேஸ்கட் மட்டும் என்றால் செலவு குறைவு. எஞ்சின் உள்ளே பேரிங் உதிர்ந்த வரலாறு உள்ள வண்டியாக இருந்தால், பழைய கூலரைக் கழுவித் திரும்பப் போடுவதும் ஆபத்து, அந்த உலோகத் துகள்கள் தகடுகளுக்கு இடையில் தங்கியிருந்து பிறகு வெளியே வரும்.

மாற்றிய பிறகு கூலண்ட் பாதையைக் கழுவுவதுதான் பொறுமை தேவைப்படும் வேலை. நுரை வராத டிஷ்வாஷர் பவுடரை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு வடித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசிக் கழுவலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். கூலண்ட் ஹோஸ்களின் ரப்பர் ஆயிலைத் தாங்கும் வகை அல்ல. ஆயில் பட்ட ஹோஸ் உப்பி மெத்தென்று ஆகிவிடும். விரலால் அழுத்திப் பார்த்து அப்படி இருப்பவற்றை எல்லாம், குறிப்பாகத் தண்ணீர் பம்ப்புக்குப் போகும் கீழ் ஹோஸை, அதே சமயத்தில் மாற்றிவிடுங்கள். டேங்க் மூடியின் ரப்பர் வாஷரும் உப்பியிருந்தால் மூடியையும் மாற்ற வேண்டும். புதுக் கூலண்ட் ஊற்றி ஒரு வாரம் ஓட்டியபின் டேங்கின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசாக எண்ணெய்ப் படலம் வந்தால் கழுவல் போதவில்லை, திரும்பக் கூழாகத் திரண்டால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது.